தோற்றவர்க்கும் அடுத்த ஆட்டம்

(குற்றாலம் ஐந்தருவியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குற்றாலத்தில் சொற்பொழிவு என்றால் ரசிகமணி டி.கே.சி.யைப் பற்றியோ குறவஞ்சியைப் பற்றியோ இருக்கும் என்று எதிர்பார்த்து வருவதுதான் வழக்கம். இந்த ஆண்டு விளையாட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சாரல் தொடங்கி, ஐந்தருவியில் தண்ணீர் கொட்டி, கடைகள் களைகட்டுகிற இதே நாட்களில்தான் நம் பள்ளிக்கூடங்களில் குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளும் தொடங்குகின்றன. அதனால் பொருத்தமான காலத்தில்தான் கூடியிருக்கிறோம்.

பதினேழு வயதுக்கு உட்பட்டோர், இருபது வயதுக்கு உட்பட்டோர் என்று நாடுகளின் இளையோர் அணிகள் மோதும் உலகக் கால்பந்துப் போட்டிகளைப் பற்றிப் பேசப் போகிறேன். கோப்பையை யார் வென்றார்கள் என்பது பத்திரிகையில் வந்துவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு கேள்வி: தோற்ற அணிக்கு மறுநாள் என்ன நடக்கிறது?

2017 அக்டோபரில் பதினேழு வயதுக்கு உட்பட்டோருக்கான உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. டெல்லி, நவி மும்பை, கோவா, கொச்சி, குவாஹாத்தி, கொல்கத்தா ஆகிய ஆறு நகரங்கள். சென்னை அந்தப் பட்டியலில் இல்லை. நம் பக்கத்து ரசிகர்களுக்கு அருகில் இருந்தது கொச்சிதான். செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் வழியாக மலையைத் தாண்டிப் போனவர்களில் நானும் ஒருவன். அக்டோபர் 7 அன்று பிரேசிலும் ஸ்பெயினும் மோதின. மலையாளிகளுக்குப் பிரேசில் மீது இருக்கும் பாசம் உங்களுக்குத் தெரியும். அரங்கமே மஞ்சளாக இருந்தது. ஸ்பெயின் முதலில் முன்னிலை பெற்றது. லிங்கனும் பவுலின்யோவும் இடைவேளைக்குள் ஆளுக்கொன்று போட்டு ஆட்டத்தைத் திருப்பினார்கள். 2–1. ஸ்பெயின் பையன்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போனார்கள்.

அந்த ஸ்பெயின் பிறகு நைஜரை 4–0 என்றும், வட கொரியாவை 2–0 என்றும் வென்றது. அடுத்த சுற்றில் பிரான்ஸ், அதன்பின் ஈரான், அரையிறுதியில் மாலி. அக்டோபர் 28 அன்று கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் இறுதியாட்டம் ஆடியது. அதிலும் முதலில் இரண்டு கோல் போட்டு முன்னிலை பெற்று, பிறகு இங்கிலாந்திடம் 5–2 என்று தோற்றது. இங்கிலாந்தின் ஃபில் ஃபோடன் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். ரையன் புரூஸ்டர் எட்டுக் கோல் அடித்தார். ஸ்பெயின் அணியில் இருந்த ஃபெரான் டோரஸை இன்று உலகமே அறியும்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருமுறை தோற்றால் வெளியேற வேண்டிய நம் குறுவட்டப் போட்டி முறையில் அந்த உலகக் கோப்பை நடந்திருந்தால், இறுதியாட்டம் ஆடிய ஸ்பெயின் அக்டோபர் 7ஆம் தேதி இரவே பெட்டியைக் கட்டியிருக்கும். பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் ஓர் ஆட்டம் தோற்ற கையோடு ஊர் திரும்பியிருப்பார்கள்.

அந்தத் தொடரில் 24 அணிகள், 52 ஆட்டங்கள். நான்கு நான்கு அணிகளாக ஆறு பிரிவுகள். எவ்வளவு மோசமாக ஆடினாலும் ஒவ்வோர் அணிக்கும் மூன்று ஆட்டம் உறுதி. பிரிவில் மூன்றாவதாக வந்த அணிகளிலும் நான்கு அடுத்த சுற்றுக்குப் போயின. 2025இல் ஃபிஃபா இதை இன்னும் விரித்தது: 48 அணிகள், 104 ஆட்டங்கள், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்றிருந்தது ஆண்டுதோறும் என்றானது. கத்தாரில் அந்த ஆண்டு நவம்பரில் போர்ச்சுகல் ஆஸ்திரியாவை 1–0 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. இளையோர் அணிகளுக்கு இன்னும் நிறைய ஆட்டம் வேண்டும் என்ற திசையில்தான் உலகம் நகர்கிறது.

நம் பள்ளிப் போட்டிக்கு வருவோம். இங்கே அமர்ந்திருக்கும் பி.டி. சார்கள் எல்லோரும் அறிந்த காட்சிதான். குறுவட்டத்தில் பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் கால்பந்து. பதினாறு பள்ளிகள் பெயர் கொடுத்திருக்கின்றன. பையன்கள் முதல் பேருந்தைப் பிடித்து வந்துவிட்டார்கள். சீருடை இரவல். சாரல் விழுந்து மைதானம் வழுக்குகிறது. ஒன்பதரைக்கு விசில். பதினைந்து நிமிடம், இடைவேளை, இன்னொரு பதினைந்து நிமிடம். ஒரு கார்னர், கோலியின் கையிலிருந்து நழுவிய பந்து, ஒரு கோல். பத்தேகால் மணிக்கு முடிந்துவிட்டது. பதினோரு மணிக்கு எலுமிச்சம்பழச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, மரத்தடியில் உட்கார்ந்து, அடுத்த பள்ளிகள் ஆடுவதைப் பார்க்கிறார்கள். ஓரத்தில் ஒரு பொடியன். கடைசிவரை அவனைக் களத்தில் இறக்கவே இல்லை, சட்டையில் சேறு கூடப் படவில்லை. அவன்தான் கேட்கிறான்:

"சார், இனி எப்ப சார் மேட்ச்?"

"இனி அடுத்த வருசந்தாம்ல."

அடுத்த ஆண்டு அவனுக்கு வயது கூடிவிடும். பெரிய பையன்களோடு மோத வேண்டியிருக்கும். அங்கேயும் ஓர் ஆட்டம்தான்.

பதினாறு அணிகளுக்கு நாக்-அவுட் முறையில் மொத்தம் பதினைந்து ஆட்டம். எட்டுப் பள்ளிகள் ஒரே ஆட்டத்தோடு போய்விடும். நான்கு பள்ளிகள் இரண்டு ஆட்டத்தோடு. ஆண்டு முழுக்கப் பயிற்சி செய்த குழந்தைகளில் பாதிப் பேருக்குக் கிடைக்கும் போட்டி அனுபவம் அரைமணி நேரம். அதே பதினாறு அணிகளை நான்கு பிரிவாக்கினால் பிரிவு ஆட்டங்கள் மட்டும் இருபத்து நான்கு. ஒவ்வொரு பள்ளிக்கும் மூன்று ஆட்டம்.

ஆசிரியர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. ஒரே நாளில் மைதானம், கைக்காசைப் போட்டு வெள்ளைக்கோடு, நடுவர் தட்டுப்பாடு, வகுப்பைவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்ததற்குத் தலைமையாசிரியருக்குப் பதில் சொல்லும் நெருக்கடி. இவ்வளவுக்கும் நடுவில் போட்டியை ஒரே பகலில் முடித்து வைக்கிறார்களே, அதற்கே கையெடுத்துக் கும்பிட வேண்டும். முறைதான் தவறு, அது ஆட்களின் குற்றமில்லை.

இந்த முறை செய்கிற பெரிய கெடுதல் ஆட்டம் குறைவது மட்டுமில்லை. அதன் வேர் எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு தோல்வியோடு எல்லாம் முடியும் என்றால், ஆசிரியர் யாரைக் களத்தில் இறக்குவார்? உயரமானவனை, மீசை அரும்பியவனை, பந்தைத் தூக்கி நீளமாக உதைப்பவனை. அவனை இறக்கினால் இன்று பிழைக்கலாம். வயது வரம்பு ஜனவரி 1ஐ வைத்துக் கணக்கிடப்படுகிறது. 2017 தொடரில் 2000 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள்தான் ஆடலாம் என்பது விதி. ஜனவரியில் பிறந்தவனும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவனும் ஒரே அணிக்குத் தகுதி உள்ளவர்கள். பதின்மூன்று வயதில் பதினோரு மாதம் என்பது பெரிய இடைவெளி. தேர்வாளர் கண்ணுக்கு மூத்தவன் திறமைசாலியாகத் தெரிகிறான். உலகெங்கும் இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் அதிகமாக இருப்பதை ஆய்வாளர்கள் பல விளையாட்டுகளில் கண்டிருக்கிறார்கள். சிறிய பையன் ஓரத்திலேயே உட்கார்ந்து, பதினைந்து வயதில் பந்தைத் தொடுவதையே விட்டுவிடுகிறான். அவனே பதினெட்டு வயதில் எல்லோரையும்விட வளர்ந்திருக்கக்கூடும். ஆனால் அப்போது அவன் களத்தில் இல்லை.

வயதைக் குறைத்துக் காட்டும் ஏமாற்றும் இதே வேரிலிருந்துதான் முளைக்கிறது. அதைத் தடுக்க 2009இல் நைஜீரியாவில் நடந்த உலகக் கோப்பையிலிருந்து ஃபிஃபா மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறது. எலும்பின் வளர்ச்சித் தட்டு முழுதும் மூடியிருந்தால் பையன் பதினேழைத் தாண்டியவன் என்று வெளியேற்றுகிறார்கள். சோதனை தேவைதான். ஆனால் ஒரு தோல்விக்குப் பயப்படத் தேவையில்லாத அமைப்பு இருந்தால், வயதைத் திருத்தும் ஆசையே பாதியாகக் குறைந்துவிடும்.

இந்திய அணியின் கதையை இதே கண்ணோடு பார்க்கலாம். 2017இல் நம் பையன்கள் மூன்று ஆட்டமும் தோற்றார்கள். அமெரிக்காவிடம் 0–3, கொலம்பியாவிடம் 1–2, கானாவிடம் 0–4. கொலம்பியா ஆட்டத்தில் 82ஆம் நிமிடம் சஞ்சீவ் ஸ்டாலின் கார்னர் எடுக்க, ஜீக்சன் சிங் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். ஃபிஃபா உலகக் கோப்பை எதிலும் இந்தியா போட்ட முதல் கோல் அது. டெல்லி அரங்கம் ஆர்ப்பரித்து அடங்குவதற்குள் கொலம்பியா மறுகோல் போட்டுவிட்டது. கார்னர் எடுத்த சஞ்சீவ், பெங்களூரு நடைபாதையில் துணி விற்ற குடும்பத்துப் பிள்ளை. ஜீக்சன், மணிப்பூரில் காய்கறி விற்று வீட்டை நடத்திய தாயின் மகன்.

ஜீக்சன் அந்த அணிக்குள் வந்த வழியைக் கவனியுங்கள். தேசிய அணி முகாமில் முதலில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. மினர்வா அகாடமியில் ஆடிக்கொண்டிருந்தார். அந்த அகாடமி அணி நட்பு ஆட்டமொன்றில் தேசிய அணியையே வென்றது. பயிற்சியாளர் லூயிஸ் நார்ட்டன் டி மாட்டோஸ் அங்கிருந்து பையன்களை எடுத்துத் தன் அணியில் சேர்த்தார். ஒதுக்கப்பட்டவனுக்கு இன்னோர் ஆட்டம் கிடைத்தது. அந்த ஆட்டத்திலிருந்துதான் நாட்டின் முதல் கோல் பிறந்தது.

தொடர் முடிந்ததும் அந்த அணியைக் கலைத்துவிடவில்லை. இந்தியன் ஏரோஸ் என்ற பெயரில் பெரியவர்களின் ஐ-லீக்கில் இறக்கினார்கள். 2017 நவம்பர் இறுதியில் முதல் ஆட்டத்திலேயே நம் சென்னை சிட்டி அணியை 3–0 என்று தோற்கடித்தார்கள். பிறகு வாரத்துக்கு வாரம் ஆட்டம், நிறையத் தோல்வி, நிறையப் பாடம். அந்தப் பையன்களில் ஜீக்சன், சுரேஷ் வாங்ஜம், லாலெங்மாவியா, அன்வர் அலி, நம் சென்னையின் எஃப்.சி.க்கு ஆடிய ரஹீம் அலி ஆகியோர் இந்தியாவின் முதன்மை அணிவரை போனார்கள்.

2018 ஆகஸ்டில் ஸ்பெயினின் வலென்சியா அருகே நடந்த கோட்டிஃப் தொடரில் இந்தியாவின் இருபது வயதுக்கு உட்பட்டோர் அணி அர்ஜென்டினாவை 2–1 என்று வென்றது. தீபக் தாங்ரி ஒன்று, அன்வர் அலி ஃப்ரீ கிக்கில் ஒன்று. ஓர் ஆட்டக்காரர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பிறகு பத்துப் பேராக ஆடி வென்ற ஆட்டம் அது. ஃபிளாய்ட் பின்டோ பயிற்சியாளர். எதிரணியின் பயிற்சியாளர் லியோனல் ஸ்கலோனி. இதைச் சொன்னால் நமக்கு நெஞ்சு நிமிரும், நிமிரட்டும். ஆனால் அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். இந்தியாவிடம் தோற்ற அதே அர்ஜென்டினா, பிரிவு முறை என்பதால் தொடர்ந்து ஆடி, அந்தக் கோப்பையை வென்றது. நான்கு ஆண்டு கழித்து அதே ஸ்கலோனியின் முதன்மை அணி கத்தாரில் முதல் ஆட்டத்தில் சவுதி அரேபியாவிடம் 2–1 என்று தோற்று, பிறகு மெஸ்ஸி கையில் உலகக் கோப்பையைக் கொடுத்தது. தோற்ற மறுநாள் பயிற்சிக்குப் போவது எப்படி என்று தெரிந்த அணி அது. பதினாறு வயதில் தோற்றுப் பழகாதவர்களுக்கு முப்பது வயதில் அது வராது.

2018 செப்டம்பர், அக்டோபரில் மலேசியாவில் நடந்த ஆசியப் போட்டியில் பிபியானோ ஃபெர்னாண்டஸ் பயிற்றுவித்த நம் பதினாறு வயதுக்கு உட்பட்டோர் அணி காலிறுதிவரை போய்த் தென் கொரியாவிடம் 0–1 என்று வீழ்ந்தது. அதில் வென்றிருந்தால் உலகக் கோப்பை வாய்ப்பு கிடைத்திருக்கும். அதற்கும் முன்னால் 1974இல் பாங்காக்கில் ஷபீர் அலி தலைமையில் இந்திய இளையோர் அணி ஈரானுடன் 2–2 என்று சமன் செய்து ஆசியக் கோப்பையைப் பகிர்ந்துகொண்டதும் உண்டு. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. பள்ளிக்கூடச் சுவர்களில் எழுதி வைக்க வேண்டிய பெயர்.

பெண் குழந்தைகளின் கதை இதைவிட அழுத்தமானது. 2022 அக்டோபரில் பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான உலகக் கோப்பை புவனேசுவரம், கோவா, நவி மும்பையில் நடந்தது. தொடருக்கு இரண்டு மாதம் முன்பு ஃபிஃபா இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தையே இடைநீக்கம் செய்து, பத்துப் பன்னிரண்டு நாளில் தடையை நீக்கியது. போட்டி நடக்குமா என்பதே தெரியாத நாட்கள் அவை. அணித் தலைவி அஸ்தம் உராவ், ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்துப் பழங்குடிப் பெண். அவர் வீட்டுக்கு அரசு அவசரமாகச் சாலை போட்டது. அந்தச் சாலைப் பணியில் அவருடைய தாயும் தந்தையும் கூலியாட்களாக மண் சுமந்தார்கள். மகள் நாட்டுக்காக ஆடுவதைப் பார்க்க வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி அதன் பிறகுதான் வந்தது.

அமெரிக்காவிடம் 0–8, மொராக்கோவிடம் 0–3, பிரேசிலிடம் 0–5. ஒரு கோல் கூடப் போடாமல் பதினாறு கோல் வாங்கினார்கள். கேலி செய்தவர்கள் பலர். பதினாறு வயதுப் பெண் குழந்தைகளைக் கேலி செய்யும் மனம் எனக்குப் புரிந்ததே இல்லை. 2025 ஆகஸ்டில் யாங்கோனில், இருபது வயதுக்கு உட்பட்ட இந்தியப் பெண்கள் அணி மியான்மரை 1–0 என்று வென்று, இருபது ஆண்டுக்குப் பின் முதல்முறையாக ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அணித் தலைவி ஷுபாங்கி சிங். கோல் காத்தவர் மோனலிஷா தேவி. இருவரும் 2022இல் அந்தப் பதினாறு கோல் வாங்கிய அணியில் இருந்தவர்கள். அவர்களைத் தொடர்ந்து ஆடவிட்டதன் பலன் இது.

மனதை உறுத்துவது ஒன்று உண்டு. 2017இன் இருபத்தொரு பையன்களில் எட்டுப் பேர் மணிப்பூர். தமிழ்நாட்டுப் பிள்ளை ஒருவர் கூட இல்லை. 2022இன் பெண்கள் அணியிலும் நம் பெண் ஒருவர் கூட இல்லை. இத்தனைக்கும் 2018இல் தமிழ்நாடு மகளிர் அணி மணிப்பூரையே இறுதியாட்டத்தில் வென்று தேசியக் கோப்பையைக் கொண்டுவந்தது. 2023இல் மறுபடியும் வென்றது. இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் கடலூரிலிருந்து கிளம்பி இந்திய அணிவரை போனவர்கள். மதுரை சேது எஃப்.சி. 2019இல் தேசிய மகளிர் லீக்கை வென்றது. பெரியவர்கள் அணியில் இவ்வளவு சாதித்த மாநிலம், பதினேழு வயது அணியில் காணாமல் போவானேன்? அந்த வயதுப் பிள்ளைகள் ஆண்டுக்கு எத்தனை ஆட்டம் ஆடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும் என்று நம்புகிறேன். மணிப்பூரில் ஊருக்கு ஊர் கிளப் உண்டு. சிறுவயதிலிருந்தே போட்டி உண்டு. 2011 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை முப்பது லட்சத்தைத் தொடவில்லை.

ஐஸ்லாந்து அதனினும் சிறியது. நான்கு லட்சம் பேர்கூட இல்லை. நம் தென்காசி மாவட்டத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. 2011இல் டென்மார்க்கில் நடந்த இருபத்தொரு வயதுக்கு உட்பட்டோருக்கான ஐரோப்பியக் கோப்பையில் அவர்கள் இரண்டு ஆட்டம் தோற்று, ஒன்று வென்று, முதல் சுற்றிலேயே வெளியேறினார்கள். அந்தப் பையன்களில் பலர்தான் 2016 ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2018 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுடன் சமன் செய்தார்கள். பனிக்காலத்திலும் குழந்தைகள் ஆட்டத்தை விடாமலிருக்க ஊருக்கு ஊர் கூரை போட்ட மைதானம் கட்டிய நாடு அது. நமக்குக் கூரை வேண்டாம். சாரலில் நனைந்து ஆடுகிற சுகம் நம் பிள்ளைகளுக்குத் தெரியும்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2018இல் சிறு குழந்தைகளுக்குக் கோல்டன் பேபி லீக் என்று ஒன்றைத் தொடங்கியது. பள்ளியோ பெற்றோரோ யார் வேண்டுமானாலும் நடத்தலாம் என்பது அதன் நல்ல அம்சமாக இருந்தது. அதைப் போல நம்முடைய லீக் ஒன்றை இங்கே நடத்த முடியும். தென்காசி, மேலகரம், இலஞ்சி, குற்றாலம், வல்லம், செங்கோட்டை, பண்பொழி, அச்சன்புதூர்: எட்டு ஊர், எல்லாம் டவுன் பஸ் தூரம். ஊருக்கு ஒரு பள்ளி. ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் மட்டும். ஒன்பது பேர் ஆட்டம், நான்காம் எண் பந்து. ஒவ்வொரு பள்ளியும் மற்ற ஏழு பள்ளிகளோடும் ஒருமுறை ஆடினால் இருபத்தெட்டு ஆட்டம். சனிக்கிழமைக்கு நான்கு ஆட்டம், இரண்டு மைதானம், ஏழு சனிக்கிழமை. ஜூலை முதல் சனியில் தொடங்கினால் ஆகஸ்ட் நடுவில் முடிந்துவிடும். ஐப்பசி மழைக்கு முன்பே ஆட்டம் ஓய்ந்துவிடும். பெண்களுக்கும் இதே அட்டவணை, இதே மைதானம், இதே நாள்.

இரண்டு விதிகளை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு பாதியாவது ஆட வேண்டும். டிரா ஆனால் டிராதான். பெனால்டி வைத்து ஒருவரை அழவைக்க வேண்டாம்.

செலவு என்று பார்த்தால் பந்து, சுண்ணாம்புத்தூள், பஸ் கட்டணம், நடுவருக்கு ஒரு சிறு தொகை, மதியச் சோறு. இந்த அறக்கட்டளையின் ஓராண்டு வட்டியில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்க முடியுமா என்று நிறுவிய குடும்பத்தாரை இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன். எனக்கு வழங்குவதாகச் சொன்ன சன்மானத்தை முதல் தவணையாக வைத்துக்கொள்ளுங்கள். ஏழு சனிக்கிழமைக்கான அட்டவணையை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். பள்ளியின் பெயரை நிரப்ப எட்டு இடம் காலியாக இருக்கிறது. எட்டு ஊர்களிலிருந்தும் வந்திருக்கும் பி.டி. சார்களும் டீச்சர்களும் தேநீருக்குப் போகுமுன் மேடைக்கு வந்து, எந்தச் சனிக்கிழமை உங்கள் மைதானம் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.